கூலிங் டவர் சோதனைக்கு ஆள் கூப்பிடும் முன்: பெருந்துறைச் சாயப்பட்டறையில் எங்கள் அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொடுத்த காசுக்கு மேலே வேலை செய்தார்கள். அறிக்கை வந்து சேர்ந்ததில்தான் தாமதம், அதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு, அதையும் கீழே எழுதுகிறேன். ஆனால் 17 வருஷமாக இந்தப் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் என்கிற முறையில், கூலிங் டவரை ஒருவர் சோதித்துப் பார்த்தார் என்றால் அது எப்படி இருக்க வேண்டும் என்று இந்த வருஷம்தான் தெரிந்துகொண்டேன்.

வந்தது கோயம்புத்தூரிலிருந்து மூன்று பேர். மூத்தவர் நரோரா அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், கோபிப் பக்கம் சொந்த ஊர், எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிட்டோம். மற்ற இருவரும் சின்னப் பையன்கள். பெயரை இங்கே போடவில்லை. யாரைக் கூப்பிட்டாலும் இந்த வேலையை இப்படிக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது, பெயர் அதற்குத் தேவையில்லை.

வெளியே இருப்பவர்களுக்குக் கூலிங் டவர் என்றால் ஒரு மூலையில் தண்ணீர் கொட்டுகிற பெட்டி, அவ்வளவுதான். எங்களுக்கு அது உயிர்நாடி. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதிலிருந்து இந்தப் பக்கம் சாயத்தொழில் செய்கிற எவரும் ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விட முடியாது, ஆர்.ஓ. போட்டு மிஞ்சுகிற உப்புத் தண்ணீரை எவாப்பரேட்டரில் காய்ச்சித்தான் ஆக வேண்டும். அந்த எவாப்பரேட்டரில் எழும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்குவது கண்டன்சர், அதற்குத் தண்ணீரை ஆற்றிக் கொடுப்பது கூலிங் டவர். டவர் படுத்தால் வேக்குவம் படுக்கும், வேக்குவம் படுத்தால் எவாப்பரேட்டர் நிற்கும், தொட்டி நிறையும், அதோடு சாயம் போடுவதும் நிற்கும். எங்களுடையது இரண்டு செல் (தனித்தனிப் பேன் வைத்த அறை), மேலே பேன் வைத்த எஃப்.ஆர்.பி. (கண்ணாடியிழை பிளாஸ்டிக்) டவர், மணிக்கு 300 கன மீட்டர் தண்ணீர் சுற்றுகிறது. உள்சட்டம் கால்வனைஸ் போட்ட இரும்பு.

இதற்கு முன்னால் நான்கு வருஷம் வேறொரு நிறுவனம் வந்துகொண்டிருந்தது. வருவார்கள், தொட்டியில் தெர்மாமீட்டரை விடுவார்கள், கீழே நின்று நான்கு போட்டோ எடுப்பார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிவிடுவார்கள். சர்டிபிகேட் மட்டும் கலர் பிரின்ட்டில், பார்டர் போட்டு, அழகாக வரும். போன மார்கழியில் அவர்கள் கொடுத்ததில் "டிசைன் 32 டிகிரி, கிடைப்பது 27 டிகிரி, செயல்பாடு மிக நன்று" என்று இருந்தது. முதலாளிக்கு சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். 32 கேட்ட இடத்தில் 27 கிடைக்கிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தோம்.

அந்த சர்டிபிகேட்டை ஐயாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். "அன்னைக்கு வெட் பல்ப் என்னங்க தம்பி?" என்றார். அது எங்கேயும் எழுதப்படவில்லை.

இது புரியாமல்தான் நம்மில் பல பேர் ஏமாறுகிறோம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டவர் தண்ணீரை எவ்வளவு குளிர வைக்க முடியும் என்பதற்கு ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லை காற்றின் வெட் பல்ப் வெப்பநிலை, அதாவது தெர்மாமீட்டர் முனையில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால் காட்டுகிற வெப்பநிலை. மண்பானைத் தண்ணீர் வறண்ட நாளில் ஜில்லென்று இருப்பதும், மழைக்கு முன்னால் புழுங்குகிற நாளில் சுமாராக இருப்பதும் இதனால்தான். டவரிலிருந்து வருகிற தண்ணீருக்கும் வெட் பல்ப்புக்கும் உள்ள வித்தியாசம்தான் அப்ரோச்; உள்ளே போகிற சூடுக்கும் வெளியே வருகிற குளிர்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் ரேஞ்ச். எங்கள் டவரின் டிசைன் 27 டிகிரி வெட் பல்ப்பில் 32 டிகிரி தண்ணீர், அப்ரோச் 5. ஒரு மார்கழி விடியற்காலையில் வெட் பல்ப் 17க்குப் போயிருந்தால் 27 டிகிரித் தண்ணீர் என்பதற்கு அப்ரோச் 10. குளிர்ந்த நாளில் அப்ரோச் கொஞ்சம் கூடத்தான் செய்யும், அதற்காகத்தான் டவர் செய்தவர்கள் கர்வ் என்று ஒரு வரைபடம் கொடுக்கிறார்கள், அந்தக் கோட்டில் வைத்துப் பார்த்தால்தான் டவர் தேறியதா இல்லையா என்று சொல்ல முடியும். அந்தக் கர்வ்வை முந்தைய நிறுவனம் நான்கு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இவர்கள் வேலைக்கு ஒத்துக்கொள்ளும் முன்பே போனில் அதைத்தான் முதலில் கேட்டார்கள். பழைய பீரோவில் தேடி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

ஆடி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆடி என்றால் இந்தப் பக்கம் காற்று எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியாக அம்மியைத் தூக்குகிற காற்று. பையன் அனிமோமீட்டரைப் பிடித்துப் பார்த்தான், விநாடிக்கு 7, 8 மீட்டர் வேகம், சமயத்தில் 9. ஐயா கையை விரித்துவிட்டார். சோதனை விதிப்படி சராசரிக் காற்று விநாடிக்கு 4.5 மீட்டருக்கு மேல் இருந்தால் டெஸ்ட் எடுக்கக் கூடாதாம். எடுத்தால் வருகிற எண் டவரைப் பற்றிச் சொல்லாது, அன்றைய காற்றைப் பற்றித்தான் சொல்லும். "இன்னைக்கு ஆய்வை மட்டும் முடிச்சுக்கலாமுங்க, டெஸ்ட்டுக்குக் காத்து அடங்கினப்புறம் வரேன்" என்றார். எனக்கு உள்ளூரக் கடுப்பு. முதலாளியிடம் கெஞ்சி ஷட்டவுன் வாங்கிய நாள் அது, வந்தவர்கள் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்றுதான் அப்போது தோன்றியது. இப்போது யோசித்தால், அந்த ஒரு மறுப்பிலேயே அவர்களை நம்பியிருக்கலாம்.

அப்புறம் ஆய்வு. இங்கேதான் நான் நிறையப் பேச வேண்டும்.

பேன் மோட்டாருக்குக் கரன்ட்டை நிறுத்தி, பேனலில் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் ஐயா. அதெல்லாம் நாங்களும் செய்வதுதான். மேலே ஏறிப் பேன் டெக்கில் நின்று எட்டிப் பார்த்தால் பேன் சுற்றிக்கொண்டிருக்கிறது. கரன்ட் இல்லை, பூட்டு போட்டிருக்கிறது, ஆனாலும் காற்றில் தன்பாட்டுக்கு, வழக்கமான திசைக்கு எதிராக, சத்தமே இல்லாமல் சுற்றுகிறது. 12 அடிப் பேன். பக்கத்தில் கை வைத்தால் எலும்பு நிற்காது. ஐயா எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, காற்று ஓய்ந்து இலை நின்ற ஒரு நொடியில் நைலான் கயிற்றைப் போட்டு ஒரு இலையைச் சட்டத்தோடு இழுத்துக் கட்டினார், எதிர்ப்பக்க இலைக்கும் ஒரு கட்டு. கட்டி முடித்து, கையால் தள்ளிப் பார்த்து, அதற்கப்புறம்தான் பையனை உள்ளே இறங்க விட்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே ஆடியில் இதே பேனுக்குக் கீழே எங்கள் ஆள் ஒருத்தரைத் தண்ணீர் தெளிக்கிற நாஸில் மாற்ற இறக்கினோம். அன்றைக்கு யாரும் எதையும் கட்டவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கை நடுங்குகிறது. அந்த ஆளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

உள்ளே இறங்கிய பையன் கையில் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு ஸ்பேனர், நெற்றியில் டார்ச். கியர்பாக்ஸைத் தாங்குகிற சட்டத்தில் எட்டு போல்ட். ஒவ்வொன்றையும் தட்டுகிறான், காதைக் கொடுத்துக் கேட்கிறான், அப்புறம் ஸ்பேனர் போட்டு லேசாக ஒரு திருகு. நான்காவது போல்ட்டில் ஸ்பேனர் தடுக்காமல் வழுக்கியது, தலை கழன்று அவன் கையில் வந்துவிட்டது. மேலே வாங்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தலையில் துருவே இல்லை, போன வருஷம் அடித்த பச்சைப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. தலைக்குக் கீழே, வெளியே தெரியாத அந்தக் கழுத்து மட்டும் தின்று தின்று பென்சில் சீவிய மாதிரி கூம்பாகிவிட்டிருந்தது. எட்டில் மூன்று இப்படி. மேலே சுற்றுகிற பேனும் கியர்பாக்ஸும் சேர்த்து அரை டன்னுக்குக் குறையாது, அதை ஐந்து போல்ட் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு வருஷப் போட்டோவிலும் இந்த போல்ட்டுகள் இருக்கின்றன, பச்சைத் தலையோடு நன்றாகத்தான் தெரிகின்றன.

"ஏனுங்க தம்பி, வைப்ரேஷன் சுவிட்ச் வேலை செய்யுதுங்களா?" என்று அடுத்துக் கேட்டார். செய்யும் என்றேன், நம்பித்தான் சொன்னேன். பேன் குலுங்கினால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சுவிட்ச் அது. பெட்டியைத் திறந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவில் ஒரு சிவப்பு ஒயர் துண்டு, ஜம்பர். எப்போதோ ஒரு நைட் ஷிப்டில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. போல்ட்டுகள் தளர்ந்து பேன் குலுங்க ஆரம்பித்த சமயமாகக்கூட அது இருந்திருக்கும். சுவிட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது, நாங்கள் அதன் வாயைக் கட்டியிருக்கிறோம்.

மத்தியானம் கேன்டீனில் அரிசிம்பருப்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது, அணுமின் நிலையத்தில் இருந்தவர் ஏன் இவ்வளவு சின்ன டவருக்கு இந்தப் பாடு படுகிறார் என்று கேட்டேன். நம் பக்கத்து ஆட்களுக்குக் கூடங்குளம், கல்பாக்கம் இரண்டும் தெரியும். அங்கே கண்டன்சரைக் கடல் தண்ணீர் ஆற்றுவதால் அந்தப் பெரிய கோபுரங்கள் கிடையாது. நரோரா உத்தரப் பிரதேசத்தில், கங்கைக் கரையில், கடலே இல்லாத இடம். இரண்டு 220 மெகாவாட் உலை, உடுக்கை வடிவத்தில் இரண்டு கான்கிரீட் கோபுரம், பேனே கிடையாது, சூடான காற்று தானாக மேலேறுவதிலேயே ஓடும். மேலே வருவது வெறும் நீராவி. உலைக்குள் சுற்றுவது கனநீர், டர்பைனுக்குப் போகும் நீராவி வேறு தண்ணீர், டவரில் விழுவது மூன்றாவது தண்ணீர், மூன்றும் தனித்தனிச் சுற்று. அந்தப் புகையைக் காட்டி அணுக்கதிர் என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு 220 மெகாவாட் உலை வெளியே தள்ள வேண்டிய வெப்பத்துக்கு எங்கள் டவர் மாதிரி ஏறக்குறைய 200 டவர் வேண்டும்.

பயப்பட வேண்டியது வேறு இடத்தில் என்றார். உலையை நிறுத்தினாலும் அது உடனே ஆறாது, விறகை இழுத்த பிறகும் அடுப்பில் தணல் கிடக்கிற மாதிரி. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் 6, 7 சதவீதம் வந்துகொண்டே இருக்கும், ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம் இருக்கும். கேட்பதற்கு அரை சதவீதம்தான், ஆனால் எங்கள் டவர் முழுமூச்சாக ஓடினாலும் அதை வாங்க முடியாது. அந்த வெப்பத்துக்குப் போக ஓர் இடம் எப்போதும் இருந்தே ஆக வேண்டும், 2011இல் புகுஷிமாவில் அந்த வழிதான் அடைபட்டது. அதனால் ஒரு நிலையத்தில் எல்லா டவரும் ஒன்றல்ல. எது மின் உற்பத்திக்கு மட்டும், எது பாதுகாப்புக்கு என்று முதலில் பிரித்துக்கொண்டு, பாதுகாப்புக்கு உள்ளதை வேறு கண்ணால் பார்ப்பார்கள்.

அப்போதுதான் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொன்னார், பிறகு நானும் தேடிப் படித்தேன். வெர்மான்ட் யாங்கி என்று ஓர் அணுமின் நிலையம், 1972இல் ஓட ஆரம்பித்தது. அங்கே இருந்தவை பெரிய கான்கிரீட் கோபுரங்கள் அல்ல, நம்முடையதைப் போலப் பேன் வைத்தவை, மரச்சட்டம், இரண்டு நீள வரிசை, வரிசைக்கு 11 செல். 2007 ஆகஸ்ட் 21 அன்று மேற்கு வரிசையில் ஒரு செல் அப்படியே சரிந்து விழுந்தது. ஆள் நுழைகிற அகலக் குழாய் உடைந்து தண்ணீர் மடை திறந்த மாதிரி கொட்டுகிற படம் இன்றும் கிடைக்கிறது. உலைக்கு ஆபத்து வரவில்லை, உற்பத்தியைக் குறைத்து ஓட்டினார்கள். ஆனால் அதே வரிசையில்தான் அவசரத்துக்கு உலையின் வெப்பத்தை வாங்கிக்கொள்ள ஒதுக்கிய செல்லும் இருந்தது. விழுந்ததற்குக் காரணம் தூண்கள் உள்ளே உளுத்துப்போயிருந்தது, இரும்பு உப்பும் பூஞ்சையும் சேர்ந்து மரத்தைத் தின்றிருந்தன. ஆய்வு செய்யாமல் விட்ட இடம் அல்ல அது. ஆய்வு நடந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் உளுத்த இடத்தைக் கண்டுபிடிக்கிற மாதிரி நடக்கவில்லை. சரிசெய்து ஓட்டினார்கள், அடுத்த வருஷம் ஜூலையில் அதே டவர்களில் மறுபடியும் கசிவு.

அரிசிம்பருப்பு தொண்டையில் நின்றது எனக்கு. பச்சைத் தலை போல்ட் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அதனால்தான் அவர்கள் அறிக்கையில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிப் பக்கம். "பார்க்காத இடங்கள்" என்று தலைப்பு. இரண்டாவது செல்லில் வடகிழக்கு மூலைத் தூண் இரண்டு, பில்ஸ் (தண்ணீர் பரவி வழிகிற அடுக்குகள்) கட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, கழற்றாமல் பார்க்க முடியாது, பார்க்கவில்லை. தொட்டியின் அடித்தளம், சேறு நான்கு அங்குலம், பார்க்கவில்லை. தலைமைக் குழாயின் உட்புறம், பார்க்கவில்லை. ஒன்பது இடம் இப்படி, ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்கிறவர் நான் இதைச் செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்து நான் பார்த்ததே இல்லை. எந்தக் குழுவைக் கூப்பிட்டாலும் இந்த ஒரு பக்கத்தைக் கட்டாயம் கேளுங்கள், தரமாட்டேன் என்றால் அந்த சர்டிபிகேட்டை நம்பி ஆளை மேலே ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, டவருக்கு வெளியே கண்டுபிடித்தது. எங்களிடம் தண்ணீர் சுற்ற இரண்டு பம்ப், ஒன்று ஓடும், ஒன்று ஸ்பேர். ஒன்று போனால் இன்னொன்று இருக்கிறது என்பதுதான் எங்கள் தைரியம். ஐயா பம்ப்பைப் பார்க்கவில்லை, கேபிள் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தார். இரண்டு பம்ப்புக்கும் கேபிள் ஒரே டிரேயில், பாய்லர் பக்கம் உரசினாற்போலப் போகிறது. "இங்கெ ஒரு தீ புடிச்சா ரெண்டும் ஒட்டுக்காப் போயிருமுங்க" என்றார். நரோராவில் 1993 மார்ச் 31 அதிகாலையில் நடந்தது அதுதான்: டர்பைனில் இலை இரண்டு முறிந்து, அந்த அதிர்வில் ஹைட்ரஜன் கசிந்து தீ பிடித்து, மாற்றுக்கு என்று வைத்திருந்த கேபிள்களும் சேர்ந்தே எரிந்து, சுமார் 17 மணி நேரம் நிலையத்தில் மின்சாரமே இல்லை. உலையை உடனே நிறுத்தியதும், டீசலில் ஓடுகிற தீயணைப்பு பம்ப்பை வைத்து ஸ்டீம் ஜெனரேட்டருக்குத் தண்ணீர் ஏற்றியதும்தான் காப்பாற்றியது. அந்த அளவுக்கு எங்களிடம் எதுவும் ஆகப்போவதில்லை, ஆனால் ஸ்பேர் என்று நான் 17 வருஷமாக நம்பியது ஸ்பேரே இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாஸ்க் விஷயமும் சொல்ல வேண்டும். டவருக்குள் இறங்கிய மூவரும் என்95 போட்டிருந்தார்கள். சாரலில் லெஜியோனெல்லா என்கிற பாக்டீரியா இருக்கலாம், மூச்சில் போனால் நிமோனியா. 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய அமெரிக்கன் லீஜியன் என்கிற முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தார் கொத்துக் கொத்தாக விழுந்தபோதுதான் அது இருப்பதே தெரிந்தது, அதனால்தான் அந்தப் பெயர். 35 டிகிரிக்குப் பக்கத்துத் தண்ணீர் அதற்கு ரொம்பவும் பிடிக்கும், எங்கள் டவர் தண்ணீரும் ஏறக்குறைய அந்தச் சூடுதான். எங்கள் ஆட்கள் ஜெட் வைத்துப் பில்ஸ் கழுவும்போது துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார்கள், அது ஒன்றுக்கும் உதவாது. மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள், வளர்த்துப் பார்க்கவே பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். இல்லை என்று வந்தது, அப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் மாஸ்க் பெட்டி வாங்கி டவர் ஏணிக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டோம்.

புரட்டாசியில் சொன்னபடி திரும்ப வந்தார்கள், கார் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். வெள்ளென ஆறு மணிக்கே வந்து கருவிகளைக் கட்டி, எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை அளந்தார்கள். வெட் பல்ப்பை ஓர் இடத்தில் எடுக்காமல் காற்று உள்ளே நுழைகிற பக்கம் முழுக்க ஆறு இடத்தில் எடுத்தார்கள். வெட் பல்ப் 23.5, டவரிலிருந்து வரும் தண்ணீர் 30.2, அப்ரோச் 6.7, ரேஞ்ச் 7.6. கர்வ்வில் வைத்துப் பார்த்ததில் டவரின் திறன் 100க்கு 84. மார்கழியில் "மிக நன்று" வாங்கிய அதே டவர்.

ஆறில் மேற்குப் பக்கத்து இரண்டு இடத்தில் மட்டும் வெட் பல்ப் ஒரு டிகிரிக்கு மேல் கூட இருந்தது. அங்கே போன வருஷம் ஒரு ஷெட் போட்டோம், டவருக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு மீட்டர்கூட இல்லை. டவர் மேலே விடுகிற ஈரக்காற்று அந்தச் சந்தில் இறங்கி மறுபடியும் உள்ளேயே போகிறது. டவர் வாங்கியபோது சுற்றிலும் வெட்டவெளி, கர்வ்வும் அதற்குத்தான். இங்கிலாந்தில் ஃபெரிபிரிட்ஜ் மின் நிலையத்தில் 1965 நவம்பர் 1 அன்று எட்டுக் கோபுரத்தில் மூன்று காற்றில் இடிந்து விழுந்ததும் இந்த மாதிரிக் கணக்குத்தான் என்று ஐயா சொன்னார்: கோபுரத்தை ஒற்றையாக நிற்பதாக நினைத்துக் கணக்குப் போட்டார்கள், முன் வரிசைக் கோபுரங்களுக்கு நடுவே புகுந்த காற்று பின் வரிசையை அடித்துவிட்டது. ஷெட் போடும்போது என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூட எனக்கு இது தெரிந்திருக்காது. இப்போது அந்தப் பக்கத் தகரத்தைக் கழற்றி வெறும் தூண்களோடு விட்டிருக்கிறோம்.

தண்ணீர்க் கணக்கும் கொடுத்தார்கள். அந்த ரேஞ்சுக்கு மணிக்கு மூன்றரை ஆயிரம் லிட்டர் ஆவியாகப் போகிறது, ஒரு நாளைக்கு ஏழு டேங்கர் அளவு. அது போய்த்தான் ஆக வேண்டும், அப்படித்தான் டவர் ஆற்றுகிறது. ஆனால் குறைவதை ஈடுகட்ட நாங்கள் ஊற்றுகிற மேக்கப் தண்ணீர் அதைவிட நிறைய அதிகம், காற்றோடு போகிற நீர்த்துளியைத் தடுக்கிற டிரிஃப்ட் எலிமினேட்டரில் இரண்டு பலகை இடம் மாறிக் கிடந்து அது வழியாகத் துளித்துளியாகப் பறந்திருக்கிறது. இந்தப் பக்கம் தண்ணீருக்கு நாம் படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அந்தத் துளியோடு போன உப்புத்தான் போல்ட்டுகளையும் தின்றிருக்கிறது.

சரி, குறைகள். அறிக்கை பத்து நாளில் என்றார்கள், புரட்டாசி டெஸ்ட்டுக்கு அப்புறம் 23 நாள் ஆனது, நான்கு தடவை போன் செய்தேன். போல்ட் விஷயத்தை மட்டும் அன்றைக்கே கையால் எழுதிக் கொடுத்துவிட்டதால் பெரிய பாதிப்பு இல்லை, இருந்தாலும் சொன்ன நாளில் தர வேண்டும். அறிக்கை முழுக்க ஆங்கிலம். டவரில் ஏறுகிற எங்கள் ஆட்கள் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. கேட்ட பிறகு தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள், டவர் படம் போட்டு எந்தத் தூண், எந்தப் படி என்று சிவப்பில் குறித்து. அதுதான் இப்போது பம்ப் ரூம் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதை முதலிலேயே எல்லோருக்கும் கொடுக்கலாம். மூன்றாவது, ஐயா இல்லாமல் அந்த இரண்டு பையன்கள் மட்டும் வந்தால் இதே தரம் இருக்குமா என்று உறுதியாக என்னால் சொல்ல முடியாது. வேலை தெரிந்த பையன்கள்தான், ஆனால் கேள்வி கேட்டது முழுக்க அவர்.

கட்டணம் 62,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. முந்தையவர்கள் 15,000 வாங்கினார்கள். முதலாளி முதலில் முகம் சுளித்தார், அந்த போல்ட்டை மேசையில் வைத்ததும் பேசாமல் செக் போட்டார். சின்ன யூனிட்டுக்கு இது பெரிய தொகைதான், பக்கத்து யூனிட் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே வாரத்தில் கூப்பிட்டால் குறைத்துக்கொள்கிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

கூப்பிடுகிறவர்களுக்கு மூன்று விஷயம்: டெஸ்ட்டுக்கு வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை நாள் குறிக்காதீர்கள், காற்றில் வீணாகும். ஆய்வுக்கு ஒரு முழு நாள் ஷட்டவுன் வாங்குங்கள், அரை நாள் போதாது. கர்வ் கையில் இல்லையென்றால் டவர் செய்தவர்களிடம் சீரியல் நம்பர் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள்.

எட்டு போல்ட்டும் மாற்றியாகிவிட்டது, ஜம்பரை எடுத்தாகிவிட்டது, ஏணியில் இரண்டு படி புதிது. கேபிள் டிரே வேலையும் அந்த வடகிழக்குத் தூண் இரண்டும் பாக்கி. பொங்கல் ஷட்டவுனில் பில்ஸ் கழற்றுகிறோம், மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.